விலையில்லாப் பேச்சு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது தமிழ் மக்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. கொடுத்தவர் மனம் நோகலாகாது என்னும் பண்பிலிருந்து எழுந்த வாக்கு அது. ஆயின், கொடுப்பவர் உறவினரோ அயலவரோ அல்லாமல் ஒரு வணிக நிறுவனமாக இருப்பின், பல்லை மட்டுமன்றிக் கொம்பையும் குளம்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை. இக்காலத்தில் கைத்தொலைபேசி நிறுவனங்கள் வழங்கும் தானங்களுள் தலையாயது இலவசப் பேச்சு. செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டாற் போதும், எவரோடும் எவ்வளவு நேரமும் காசின்றிப் பேசலாம் என்று அவை அறிவிக்கின்றன. அந்த அறிவிப்புப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. அதன் உண்மை எவ்வளவு, எல்லை எது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தூரத்தில் இருப்பவரோடு பேசுதல் ஒரு காலத்தில் மிகப் பெருஞ் செலவுக்குரிய காரியமாக இருந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமைப் பத்திரம் பெற்றது 1876ஆம் ஆண்டில். அதற்கு 51 ஆண்டுகளின் பின்னரே, 1927 சனவரியில், இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே வானொலி அலைவழித் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. அதில் முதல் மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் 75 டொலர். 1956 செப்தெம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே முதலாவது தொலைபேசி வடம் திறக்கப்பட்டபோது, அதில் ஒரே வேளையில் 36 உரையாடல்களுக்கு மட்டுமே இடமிருந்தது. இரண்டு கண்டங்களுக்கு முப்பத்தாறு பேச்சு என்றால் அதன் விலை எவ்வாறு குறையும்? நமது நாட்டிலும் ‘டிரங் கோல்’ பதிந்துவிட்டுக் காத்திருந்து, நிமிடத்தை எண்ணிப் பேசிய காலத்தை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இச்செலவுக்குக் காரணம் பழைய தொலைபேசி இயங்கிய முறையே. இருவர் பேசத் தொடங்கினால், அவர்களுக்கிடையே ஒரு பாதை முழுவதும் ஒதுக்கப்பட்டுவிடும். அவர்கள் பேசினாலும், பேசாது மௌனமாயிருந்தாலும், வேறெவரும் அதனுள் நுழைதல் இயலாது. ஒருவர் கொழும்புக்குச் செல்வதற்காகப் புகையிரதப் பாதை முழுவதையும் வேறு வண்டி ஓடாமல் மறித்து வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். இணையத்தின் முறை வேறு. அங்கே குரல் எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொதிகளாகக் கட்டப்படுகின்றது. பெரும்பாலும் ஒரு பொதியில் அடங்குவது ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சே. ஒவ்வொரு பொதியின் மேலும் சேரவேண்டிய முகவரி உண்டு. அவை பிறருடைய கடிதங்கள், படங்கள், பாட்டுகள் யாவற்றோடும் கலந்து ஒரே பாதையில் ஓடி, மறுமுனையில் மீண்டும் வரிசைப்படுத்தப்பட்டுக் குரலாகின்றன. பாதை பொதுவானமையால், ஒரு பேச்சுக்கு நேரும் தனிச் செலவு மிக அற்பமாகிவிடுகின்றது.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 1974ஆம் ஆண்டிலேயே, இணையத்தின் மூதாதையான அமெரிக்க ஆராய்ச்சி வலையமைப்பில், இரு ஆய்வுகூடங்களுக்கிடையே குரலைப் பொதிகளாக அனுப்பிப் பார்த்தார்கள். 1995இல் வோக்கல்டெக் என்னும் இஸ்ரேலிய நிறுவனம், கணினிவழிப் பேசுவதற்கான மென்பொருளைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கிற்று. 2003இல் ஸ்கைப் வந்தது. உலகெங்கும் சிதறி வாழும் குடும்பங்களை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் பேசவைத்து, 2025 மே மாதத்தில் அது தன் பணியை முடித்துக்கொண்டது. 2010இல் வைபரும், 2015இல் வட்ஸ்அப்பின் குரல் அழைப்பும் கைத்தொலைபேசியினுள் அதே வசதியைக் கொணர்ந்தன. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள பெற்றோர் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுவது இவ்வழியாலேயே கைகூடிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். வட்ஸ்அப், வைபர் போன்றவற்றால் காசின்றிப் பேசுவதற்கு, இரு முனைகளிலும் அதே செயலியும் இணையமும் இருத்தல் அவசியம். கைத்தொலைபேசி நிறுவனம் தானே தரும் செயலி அவ்வாறன்று. அழைப்பவரிடம் மட்டும் செயலி இருந்தாற் போதும். பேச்சு இணையப் பொதியாக நிறுவனத்தின் நிலையத்தை அடையும். அங்கே சாதாரணத் தொலைபேசிப் பேச்சாக மாற்றப்பட்டு, மறுமுனையில் உள்ள எந்தத் தொலைபேசிக்கும் கையளிக்கப்படும். கிராமத்திலே பொத்தான் வைத்த பழைய கருவியை வைத்திருக்கும் பாட்டிக்குங்கூட மணி அடிக்கும். சில செயலிகளில் அழைத்தவரின் வழக்கமான இலக்கமே அவருக்குத் தோன்றும்.

இதற்குச் சிறந்த உதாரணம் இந்தியாவின் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம். 2016 செப்தெம்பர் 5ஆம் நாள் அது தன் சேவையைத் தொடங்கியபோது, நாட்டினுள் பேசும் பேச்சுக்குக் கட்டணமே இல்லை, பயன்படுத்தும் தரவுக்கு மட்டுமே கட்டணம் என்று அறிவித்தது. தொடக்கத்தில் 2017 மார்ச் முடிவு வரை தரவும் இலவசமாகவே வழங்கப்பட்டது. ஏறத்தாழ 170 நாட்களுள் பத்துக் கோடி மக்கள் அதனைச் சேர்ந்தனர். ஜியோவிடம் இருந்தது நான்காந் தலைமுறை வலையமைப்பு மட்டுமே. பழைய முறையிற் பேசுவதற்குரிய பாதை அதனிடம் இருக்கவில்லை. அவ்வலையமைப்பின் வழியே குரலை நேராக அனுப்பும் ஆற்றல் அக்காலத்துக் கருவிகள் பலவற்றிற்கு இல்லை. அக்குறையை நிரப்பவே நிறுவனம் ஒரு செயலியைத் தந்தது. முதலில் ஜியோ ஜொயின் என்றும், பின்னர் ஜியோ 4ஜி வொய்ஸ் என்றும், அதன் பின்னர் ஜியோகோல் என்றும் அது பெயர் பெற்றது. நிறுவனத்தின் சிறிய வைஃபை கருவி ஒன்றை வாங்கியவர்கள், மூன்றாந் தலைமுறைத் தொலைபேசியிலுங்கூட அச்செயலியை நிறுவிப் பேசினர். ஆகவே அச்செயலி தோன்றியது கொடைமனத்தால் மட்டுமன்று, தேவையினாலும் ஆகும்.

இனி, இலவசப் பேச்சின் செலவை ஏற்றவர் யார் என்னும் வினா எழுகின்றது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்கு அழைக்கும் நிறுவனம் நிமிடக் கணக்கில் பணம் செலுத்தும் ஒழுங்கு இந்தியாவில் இருந்தது. அத்தொகை 2017 ஒக்தோபரில் 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைக்கப்பட்டது. பேசியவர் காசு கொடாவிடினும் அவருக்காக நிறுவனம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2019 ஒக்தோபரில், இனி அந்த 6 பைசாவைப் பேசுபவரே செலுத்த வேண்டும், ஈடாக அதே பெறுமதிக்குத் தரவு தரப்படும் என்று ஜியோ அறிவித்தது. என்றென்றும் இலவசம் என்ற சொல்லின் ஆயுள் மூன்றாண்டுகளே. 2021 சனவரி 1ஆம் நாள் அந்த ஒழுங்கே நீக்கப்பட்ட பின்னர்தான் உள்நாட்டுப் பேச்சு மீண்டும் இலவசமாயிற்று.

இதற்கிடையே சந்தையின் தோற்றமும் மாறிவிட்டது. போட்டியைத் தாங்கமாட்டாத நிறுவனங்கள் சில மூடின. வொடபோனும் ஐடியாவும் 2018இல் ஒன்றாக இணைந்தன. தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த எயர்செல் நிறுவனம் ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தது. 2018 பெப்ரவரியில் அதன் கோபுரங்கள் செயலிழந்தபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் இலக்கத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கடை வாசல்களில் வரிசையாக நின்றனர். எஞ்சிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தத்தம் கட்டணங்களை உயர்த்தின. பேச்சு இலவசந்தான், ஆனால் அப்பேச்சு அடங்கிய மாதாந்தப் பொதியின் விலை ஏறிற்று. குறைந்த பணத்தைச் செலுத்தி இலக்கத்தை உயிரோடு வைத்திருந்த ஏழைக் கூலியாளுக்கு, இந்த ஏற்றம் இலவசப் பேச்சைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றியிருக்குமன்றோ? இந்திய அரசாங்க நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2018இல் விங்ஸ் என்னும் செயலியை அறிவித்தபோது, ஆண்டுக்கு 1,099 ரூபா என்று விலையை வெளிப்படையாகவே கூறிற்று. சொல்லிய விலை, சொல்லாத விலையிலும் நேர்மையானது.

அடுத்து, தரவின் கணக்கு. குரலைச் சுருக்கும் முறைக்கு ஏற்ப இது வேறுபடும். நடுத்தரமான கணக்கொன்று வருமாறு. குரலுக்குச் செக்கனுக்கு 24 கிலோபிட். ஒவ்வொரு பொதியின் முகவரித் தாளுக்காக மேலும் 16 கிலோபிட். ஆக 40 கிலோபிட். போகவும் வரவும் இரு திசைகளையும் சேர்த்தால், நிமிடத்துக்கு 600 கிலோபைட். மணித்தியாலத்துக்கு 36 மெகாபைட். ஒரு கிகாபைட் தரவைக் கொண்டு ஏறத்தாழ 28 மணித்தியாலம் பேசலாம். குரற் பேச்சு உண்மையிலேயே மலிவானது என்பதை இக்கணக்குக் காட்டும். ஆயின் முகத்தையும் காண விரும்பிப் படத்தைத் திறந்தால், செலவு பன்மடங்காகிவிடும். மாத நடுவிலே தரவு தீர்ந்துபோயிற்று என்று முறையிடும் வீடுகளில், பெரும்பாலும் தீர்த்தது பேச்சன்று, படமே.

பணத்திலும் பெரிதான ஒரு செய்தி உண்டு. ஆபத்து வேளையில் இச்செயலிகளை நம்பியிருத்தல் தகாது. இலங்கையில் பொலிசுக்கு 119, நோயாளர் வண்டிக்கு 1990 ஆகிய இலக்கங்கள் உள்ளன. வட்ஸ்அப்பாலோ வைபராலோ இவற்றை அழைக்க இயலாது. சாதாரணத் தொலைபேசி அழைப்பே அதற்கு வழி. தரவை நிறுத்தி வைத்திருந்தால், அல்லது மின்சாரம் தடைப்பட்டு வீட்டு இணையக் கருவி அணைந்துவிட்டால், செயலி ஊமையாகிவிடும். வரும் அழைப்பும் வந்து சேராது. மேலும், 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தில் வன்செயல் நிகழ்ந்தபோதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்பிரலிலும், வட்ஸ்அப் உட்பட்ட செயலிகள் இந்நாட்டில் அரசாணையால் தடுக்கப்பட்டன. தம் மக்கள் உயிரோடு இருக்கின்றார்களா என்று வெளிநாட்டிலிருந்து உறவினர் பதைபதைத்த நாட்களும் அவற்றுள் இருந்தன. வழக்கமான இலக்கத்தைக் குறித்து வைத்திராதவர்களுக்கு அந்நாட்களில் வழியே இல்லை.

மற்றோர் ஆபத்தும் உண்டு. இத்தகைய செயலி, தொலைபேசிக்கு வரும் ஓர் இரகசிய இலக்கத்தைக் கேட்டே பாவனையாளரை அடையாளங் காண்கின்றது. அவ்விலக்கத்தைப் பிறரொருவர் அறிந்துகொண்டால், உரியவரின் பெயரிலேயே அவர் பேசவும், பணம் கேட்டுச் செய்தி அனுப்பவும் இயலும். மகன் கேட்கின்றான் என்று நம்பிப் பணம் அனுப்பும் தாய்க்கு, இலவசப் பேச்சு மிக விலையுயர்ந்த பேச்சாக முடியும். அந்த இலக்கத்தை வங்கியாரோ, தொலைபேசி நிறுவனத்தாரோ, வேறெவரோ கேட்பினும் சொல்லலாகாது.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்தினரும் செய்யத்தக்கவை சில. முதலாவது, செயலியை நிறுவும் முன்னர் இலவசம் என்பது எதுவரை, எந்நாள் வரை, எந்த இலக்கங்களுக்கு என்று கேட்டறிதல். இரண்டாவது, பேச்சுக்கு எவ்வளவு தரவு, படத்துக்கு எவ்வளவு என்று ஒரு மாதமாவது கணக்குப் பார்த்தல். மூன்றாவது, தனித்து வாழும் முதியவரின் தொலைபேசியில் சாதாரண அழைப்புக்குச் சிறு தொகையேனும் எப்போதும் மீதியிருக்கச் செய்தல். நான்காவது, பிள்ளைகளின் இலக்கங்களையும் 1990ஐயும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல். கருவி பழுதடைந்தாலும் சுவரிலுள்ள தாள் பழுதடையாது; அயல்வீட்டாரின் தொலைபேசியிலிருந்தாயினும் அழைக்கலாம்.

கடல் கடந்த மகளின் குரலை நாள்தோறும் கேட்கும் பேற்றை இந்த விஞ்ஞானம் எளியவருக்கும் அளித்திருக்கின்றது. மூன்று நிமிடத்துக்கு 75 டொலர் கொடுத்த தலைமுறை கனவிலும் காணாத பேறு இது. அதனை மறுப்பது அறிவன்று. மகிழ்வோடு ஏற்றுக்கொள்வதே முறை. ஆயினும், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். காசில்லாப் பேச்சையும் அளந்து, அறிந்து பயன்படுத்துவோருக்கே அது நிலைத்த நன்மை தரும்.