சாலைக்கு முன் எழும் கேள்வி



சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலேறி வந்தவர்கள் நாகபுரி ஸ்டேஷனை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கியதும், பாதி வழி கடந்துவிட்டோம் என்று மூச்சு விட்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாகபுரிக்கு வடக்கே ஒரு நெடுஞ்சாலை காட்டினுள் நுழைகிறது. அதன் எண் 44. ஸ்ரீநகரில் தொடங்கி, தில்லி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் சாலை அது. நம் ஊரையும் நாம் பிழைக்க வந்த ஊரையும் ஒரே கோட்டில் இணைக்கும் சாலை என்று சொன்னால் மிகையாகாது.

பெஞ்ச் என்னும் புலிக் காப்பகத்தை அடுத்து அச்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்த முற்பட்டபோது ஒரு கேள்வி எழுந்தது. கான்ஹா காட்டுக்கும் பெஞ்ச் காட்டுக்கும் இடையே போய்வரும் விலங்குகள் இனி எவ்வழியே செல்லும்? வன அதிகாரிகளும், வனவிலங்கு ஆராய்ச்சியாளர்களும், நீதிமன்றங்களும் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் கைவிடாது கேட்டனர். முடிவில் மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் சாலை தூண்கள்மேல் உயர்த்தப்பட்டது. அவற்றுள் மிக நீண்டது முக்கால் கிலோமீட்டர். மேலே லாரிகள் ஓட, கீழே விலங்குகள் நடக்கின்றன. 2019-ஆம் ஆண்டில் பத்து மாதம் அங்கே காமிராக்களை வைத்துப் பார்த்தார்கள். புலி உட்பட 18 வகை விலங்குகள் அவ்வழியைப் பயன்படுத்தியது தெரிந்தது.

சாலையும் வந்தது, காடும் துண்டுபடவில்லை. கேள்வியைச் சாலை போடுவதற்கு முன்பே கேட்டதனால் விளைந்த பயன் இது. இவ்வாறு முன்கூட்டியே கேட்பதைத்தான் சட்டம் ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்று குறிப்பிடுகிறது. பெயர் நீளமானது, பொருள் எளிது. வீடு கட்டுகிறவன் அஸ்திவாரம் தோண்டுமுன், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துக்கொள்கிறான் அல்லவா? அதே விவேகம்தான்.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1994 ஜனவரியில் இதற்கான முதல் அறிவிக்கை வெளியாயிற்று. அதற்குப் பதிலாக 2006 செப்டம்பர் 14 அன்று புதிய அறிவிக்கை வந்தது. இதன்படி, பட்டியலில் கண்ட திட்டங்கள் முன் அனுமதியின்றித் தொடங்கலாகாது. புதிய தேசிய நெடுஞ்சாலைகள் அப்பட்டியலில் உள்ளன. பெரிய திட்டங்களை மத்திய அரசாங்கத்தின் நிபுணர் குழு பரிசீலிக்கிறது. மற்றவற்றை மாநில அளவில் அமைந்த குழுக்கள் பரிசீலிக்கின்றன. எந்தெந்த விளைவுகளை ஆராய வேண்டும் என்று முதலில் வரையறுக்கிறார்கள். பிறகு ஆய்வு நடக்கிறது. அறிக்கையின் வரைவு பொதுமக்கள் முன் வைக்கப்படுகிறது. மக்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டு நிபுணர் குழு மதிப்பிடுகிறது.

இவற்றுள் நம்மைப் போன்றவர்கள் நுழையக்கூடிய வாசல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு ஒன்றே. ஆதலால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் திட்டம் அமையும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ, ஜில்லாதோறும் நடைபெற வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம் கொடுத்துப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டுமன்றி அவ்விடத்து மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டம் முடியுமுன் நடவடிக்கைக் குறிப்பை வந்திருப்போருக்கு அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். நேரில் வர இயலாதவர் எழுத்து மூலமாகவும் தம் கருத்தை அனுப்பலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விதிகளில் ஒரு தனி அக்கறை உண்டு. அது வளர்ந்த விதத்தைக் கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து என் சித்தப்பா ஓர் உறையை அனுப்பினார். எங்கள் நிலத்தின் ஓரமாகச் செல்லவிருந்த ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கம் அதில் இருந்தது. பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, வழியுரிமை அறுபது மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். நாம் போய்வர அவ்வளவு அகலம் வழி விடுவார்களாம். நல்லதுதானே?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கில மூலத்தில் ‘ரைட் ஆப் வே’ என்று இருந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையார் வழக்கில் அதன் பொருள், சாலைக்கென எடுத்துக்கொள்ளும் நிலத்தின் மொத்த அகலம். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்து, சொல்லுக்குச் சொல் ‘வழியுரிமை’ என்று எழுதிவிட்டார். நிலத்தை இழக்கப் போகிறவர் தமக்கு ஏதோ உரிமை கிடைக்கிறது என்று மகிழும்படி ஆயிற்று. அந்த மொழிபெயர்ப்பாளரை நான் இகழவில்லை. அவசரத்தில், துறையறிவு இல்லாமல், நானும் அத்தகைய பிழைகளைச் செய்தவன்தான். ஆனால் அலுவலகத்தில் என் பிழை ஒரு கோப்பில் உறங்கும். இந்தப் பிழை ஒரு கிணற்றின் மேல் ஏறி நின்றது.

கருத்துக் கேட்புக்கு ஒன்பது நாட்களே இருந்தன. சித்தப்பாவும் நானும் அந்தச் சுருக்கத்தை வரி வரியாகப் படித்தோம். நான் சொற்களை விளக்கினேன். அவர் நிலத்தை விளக்கினார். அப்போதுதான் கிணற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று வெளிப்பட்டது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்று, உத்தேசித்த சாலைக்குக் குறுக்கே போகிறது. மழைக் காலத்தில் மட்டும் ஓடுவது. கோடையில் பார்த்தால் வெறும் பள்ளம். சுருக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேடு கட்டிச் சாலை போட்டால் மேற்புறம் வெள்ளம் தேங்கும். கீழ்ப்புறம் ஏரி வறளும்.

சித்தப்பா கூட்டத்தில் எழுந்து, வேறொன்றும் பேசாமல், அந்த வரத்துக்காலைப் பற்றி மட்டும் பேசினார். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. பிற்பாடு அவ்விடத்தில் ஒரு சிறுபாலம் சேர்க்கப்பட்டது. கிணறு தப்பவில்லை, அதற்கு நஷ்டஈடு வந்தது. ஏரி தப்பியது.

ஆய்வாளர்கள் கெட்டிக்காரர்களே. ஆயினும் அவர்கள் கோடையில் வந்தால் ஐப்பசி மாதத்து ஓடையைக் காண முடியுமா? அதைக் கண்டவர் அங்கே வாழ்பவர். அவர் அறிந்தது அறிக்கையில் ஏற வேண்டுமானால், அறிக்கை அவருக்குப் புரிய வேண்டும். 2020-இல் இதே மதிப்பீட்டு முறையை மாற்றியமைக்கும் வரைவொன்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிடப்பட்டது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று அவ்வாண்டு ஜூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. புரியாத மொழியில் கருத்துக் கேட்பது கேட்பதாகாது என்பதே அதன் உட்பொருள் என்று நான் கொள்கிறேன்.

இம்முறை குறையற்றது என்று சொல்ல வரவில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு மேல் அகலப்படுத்தினால் அனுமதி தேவை என்ற எல்லை 2013-இல் நூறாக உயர்த்தப்பட்டது. இமயமலையில் நான்கு புனிதத் தலங்களை இணைக்கும் சுமார் 900 கிலோமீட்டர் சாலைத் திட்டம் 53 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கியதால், முழுத் திட்டத்துக்கும் சேர்த்து மதிப்பீடு நடைபெறவில்லை. மலையோ பகுதி பகுதியாகச் சரிவதில்லை. மேலே வெட்டியது கீழே வந்து விழும். இவ்விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019-இல் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. நாட்டின் எல்லைக் காவலுக்கு அகலமான சாலை தேவை என்ற வாதத்தை ஏற்று, 2021 டிசம்பரில் நீதிமன்றம் இருவழி அகலத்துக்கு அனுமதி அளித்தது. அத்திட்டத்தைச் சேர்ந்த சில்க்யாரா சுரங்கப் பாதை 2023 நவம்பர் 12 அன்று இடிந்து, 41 தொழிலாளர்கள் பதினேழு நாள் உள்ளே சிக்கினர். அனைவரும் உயிருடன் மீண்டது நம் நல்லூழ். முழு மதிப்பீடு நடந்திருந்தால் விபத்தே நேர்ந்திராது என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் கேட்கத் தவறிய கேள்விகளை மலை பிறகு கேட்கிறது என்பதை மறுக்க முடியாது.

ரயில் பாதைகளும் மெட்ரோ ரயிலும் 2006-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெறவில்லை. காட்டு நிலத்தில் போனால் வன அனுமதி வேண்டும். கடன் கொடுக்கும் அந்நிய நிறுவனங்கள் கேட்டால் மதிப்பீடும் நடக்கும். பல மோட்டார்களின் வேலையை ஒரு ரயில் செய்கிறது என்பது மெய்யே. எனினும் நல்ல காரியத்துக்கும் முன்யோசனை தேவைதானே?

இனி, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன பொறுப்பு? இரண்டு உண்டு. முதலாவது, ஊரில் உள்ள நிலத்தைப் பற்றியது. விளம்பரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். நாமோ புனேயிலோ கான்பூரிலோ இருப்போம். முப்பது நாள் ஓடிவிடும். ஆகவே, இத்தகைய செய்தி வந்தால் உடனே தெரிவிக்கும்படி உறவினரிடம் சொல்லி வையுங்கள். எழுத்து மூலம் அனுப்பும் வழி திறந்தே இருக்கிறது. இரண்டாவது, நாம் குடியிருக்கும் ஊரைப் பற்றியது. இங்கே கூட்ட அறிவிப்பு மராத்தியிலோ இந்தியிலோ வங்காளியிலோ இருக்கும். ‘இது அவர்கள் ஊர் விவகாரம்’ என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சாலையின் புகையை நம் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். அதனால் தேங்கும் வெள்ளம் நம் வாசலுக்கும் வருகிறது. பக்கத்து வீட்டாரிடம் அறிவிப்பைப் படித்துச் சொல்லக் கேளுங்கள். நமக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு என்பது பெரும்பாலும் இதுதான். வாசலில் நின்று செய்யக்கூடியதுதான்.

என் சித்தப்பா இப்போது அந்தச் சாலையில்தான் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறார். சாலை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீருக்கும் ஒரு வழி விடுங்கள் என்றுதான் கேட்டார். ‘வழியுரிமை’ என்ற சொல்லுக்குச் சரியான பொருள் அதுவாகவே இருந்திருக்கலாம் என்று சில சமயம் எனக்குத் தோன்றுவதுண்டு.