உப்பு வந்த வழியும் போகும் வழியும்



இந்த அவை கூடியிருக்கும் தெற்கு அந்தமானின் லம்பா லைனிலிருந்து சிப்பிகாட் அதிகத் தொலைவில் இல்லை. அங்கே சாலையோரம் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பைப் புதிதாக வருகிறவர் ஏரி என்றே நினைப்பார். பறவை பார்க்க வருகிறவர்கள் கேமராவோடு காத்து நிற்கிறார்கள். 2004 டிசம்பர் 25 வரை அதில் பெரும்பகுதி வயல். மறுநாள் காலை நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. அதன்பின் சுனாமி வந்தது. அலை அன்றே திரும்பிப் போய்விட்டது. தாழ்ந்த நிலம் மட்டும் மேலே வரவில்லை.

ஒரே நாளில் கடல்நீர் குடித்த வயல்கள் இரண்டு விதமாகப் பிரிந்துபோன கதை இங்கேதான் தொடங்குகிறது. மேட்டு வயல்களில் உப்புநீர் ஒருமுறை ஏறி வடிந்தது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஓரிரு பருவமழையிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி கழுவுண்டு போயிற்று. தாழ்ந்த வயல்களிலோ கடல் ஓதம் நாள்தோறும் இரண்டு முறை ஏறியது. அதே மழைதான் அங்கும் பெய்தது, பலன் மட்டும் இல்லை. ஆகவே 'எவ்வளவு உப்பு' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, 'வந்த உப்பு வெளியேற வழி இருக்கிறதா' என்பது.

உப்பு பயிரை என்ன செய்கிறது? ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்பிட்ட எந்த வீட்டிலும் இதற்கான விடை இருக்கிறது. சிறிது நேரத்தில் துண்டுகள் நீர் விடும். உவர்மண்ணில் வேருக்கும் இதே நெருக்கடிதான். ஈரம் இருக்கிறது, வேரால் அதை இழுக்க முடிவதில்லை. காலடியில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் தாகத்தில் வாடுகிறது. இது முதல் அடி. இரண்டாவது அடி மெதுவாக விழுகிறது. சோடியம் இலையில் சேர்ந்து, பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலைகளுக்குக் குறுக்கே நிற்கிறது. முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்குகின்றன. நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் ஆபத்தானவை. பூக்கும்போது உப்பு ஏறினால் பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரை உதறினால் பதர்தான் கொட்டும்.

அமெரிக்காவின் ரிவர்சைட் உவர்மண் ஆய்வகத்தைச் சேர்ந்த மாஸும் ஹாஃப்மனும் 1977இல் வெளியிட்ட கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உப்பளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு போகும். பார்லி 8 வரை தாங்கும். கடல்நீரோ 50ஐ ஒட்டி நிற்கிறது. சிப்பிகாட் வயலுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

உப்பை ஒட்டுமொத்தமாக எதிரியாக்கிவிடவும் கூடாது. தென்னைக்குக் குளோரைடு தேவை. பிலிப்பைன்ஸில் கடலுக்கு எட்டாத உள்நாட்டுத் தோப்புகளில் மரத்தடியில் சாதாரண உப்பையே உரமாக இடுகிறார்கள். அந்நாட்டுத் தென்னை ஆணையமே அதைப் பரிந்துரைக்கிறது. கடலோர வெண்கண்டல் மரம் உப்பை உள்ளே வாங்கி இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை நக்கிப் பார்த்தவருக்குப் பாடநூல் வேண்டியதில்லை.

ஒரு சொல் விவகாரம். உவர் வேறு, களர் வேறு. உவர்நிலத்தில் கரையும் உப்பு மிகுந்திருக்கும். நல்ல நீரும் வடிகாலும் இருந்தால் கழுவிவிடலாம். களர்நிலத்தில் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும், பெய்த நீர் இறங்காது. அங்கே முதலில் ஜிப்சம் இட்டு, சுண்ணாம்புச்சத்தால் சோடியத்தை இடம்பெயர்த்த பிறகே கழுவ வேண்டும். திருச்சி வேளாண் கல்லூரியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய். 1 போன்ற நெல் ரகங்கள் அந்தக் களருக்காக உருவானவை. தமிழில் இரண்டு தனிச்சொற்கள் கைவசம் இருக்க, கட்டுரைகளில் 'உப்பு நிலம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது சோம்பல் அன்றி வேறில்லை.

கேரளத்தில் பொக்காளி நெல் பயிரிடும் உழவர்கள் உப்போடு மல்லுக்கு நிற்பதில்லை. வயலில் மண்மேடு கட்டிக் காத்திருப்பார்கள். தென்மேற்குப் பருவமழை மேட்டின் உப்பைக் கழுவியதும் விதைப்பார்கள். நாற்று வளர்ந்தபின் மேட்டை வெட்டிப் பரப்புவார்கள். அறுவடைக்குப் பின் கடல்நீரை உள்ளே விட்டு இறால் வளர்ப்பார்கள். அந்த நெல்லின் முதல் குரோமோசோமில் உப்பைத் தாங்க உதவும் 'சால்டால்' பகுதியை இன்று உலகெங்கும் நெல் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மரபணு மட்டும் போதாது; மேடு கட்டிய கையும், மழைக்காகக் காத்திருந்த பொறுமையும் அதோடு சேர்ந்தவை.

இங்கே அந்தமானிலுள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய அகலப் பாத்தி முறையும் பொக்காளி முறைக்கு உறவுதான். வயல் மண்ணை வெட்டி உயர்த்திப் பாத்தி அமைத்தால் மழை அதன் உப்பைக் கீழே இறக்கிவிடும். பாத்தியில் காய்கறி, இடையிலுள்ள பள்ளத்தில் நெல்லும் மீனும். முழுவதும் கடலுக்குள் போன நிலத்துக்கு இது உதவாது. அங்கே கண்டல் வளர்வதை ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் 67.3 லட்சம் ஹெக்டேர் என்கிறது கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம். அந்த அளவு நிலத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கும் அவையிடம் இத்தலைமையுரை வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஏப்ரலில் வெள்ளை பூத்துக் கிடக்கும் அதே வயல் செப்டம்பரில் நாற்று நடத் தகுந்ததாக இருக்கும். எனவே மண்ணின் உப்பளவை வாசிக்கும் ஒவ்வொருவரும் மண் எடுத்த மாதத்தையும், எத்தனை ஆழத்தில் எடுத்தார் என்பதையும், ஓதம் அங்கே ஏறுகிறதா என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அவை இல்லாத அட்டவணையை நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உழவர்களுக்கு உண்டு.