குருக்களின் அறை

இந்தத் தலைமை நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இதே கூடத்தில் இருக்கிறீர்கள். அந்த நினைப்பில் நேற்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

'சமய நல்லிணக்கமும் குடிமைப் பங்களிப்பும்' என்பது மாநாட்டுத் தலைப்பு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விகாரையும் கோயிலும் தேவாலயமும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மலேசியாவின் பல சமய ஆலோசனை மன்றம் 1983இல் அமைந்த கதையும் நீங்கள் அறிந்ததே. அவற்றை அமர்வுகள் பேசும்.

நான் பேச விரும்புவது ஒரு குறிப்பேட்டைப் பற்றி. கிள்ளானில் ஒரு கோயிலின் பழைய நிர்வாகக் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன். "குருக்கள் அறை மின்விசிறி பழுது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று ஒரு வரி. அடுத்த கூட்டத்திலும் அதே வரி. மூன்றாவதிலும் அதே. நான்காவதில் அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாகப் புதிய குருக்களுக்கு வேலைப் பெர்மிட் எடுக்கும் செலவு இருக்கிறது.

இத்தகைய ஏடுகள் ஆய்வுச் சான்றாகா, கும்பாபிஷேகச் சிறப்பு மலர்களே போதும் என்று மூத்த அறிஞர் ஒருவர் எழுதினார். கோயில் கட்டடக்கலையை அவர் நூலில்தான் கற்றேன். ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை. மலரில் குருக்களின் படம் இருக்கும். அவர் எப்படி வாழ்ந்தார் என்பது இராது.

குருக்கள்மார் ஊரோடு கலப்பதில்லை, அது ஆகம ஒழுங்கின் இயல்பு என்று இன்னொரு நண்பர் சென்ற கருத்தரங்கில் சொன்னார். ஆகமத்தின் மேல் ஏன் பழி? விடியலில் நடை திறந்து இரவில் சாத்துகிறவர், குடும்பத்தைத் தாய்நாட்டில் விட்டு வந்தவர், ஒரே கோயிலோடு கட்டப்பட்ட வேலைப் பாஸில் இருப்பவர், பக்கத்துப் பள்ளிவாசல் இமாமோடு எப்போது பேசுவார்? வெளியிலிருந்து வந்து இங்கே ஊன்றியவர்களும் உண்டு. ஶ்ரீ தம்மானந்த தேரர் 1952இல் இலங்கையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் விகாரைக்கு வந்தார். 2006இல் மறையும்வரை இங்கேதான் இருந்தார். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளும் வெளியூரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருவானவர்தான். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டையே கோலாலம்பூரில் கூட்டிவிட்டார். இருவருக்கும் ஊன்றி நிற்க இடமும் காலமும் கிடைத்தன. பாஸ் முடிந்தால் கிளம்ப வேண்டிய குருக்களிடம் நாம் எந்தக் குடிமைப் பங்களிப்பை எதிர்பார்க்கிறோம்?

ஆலோசனை மன்றம் அமைந்த அதே 1983இல்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் புதிய சட்டத் தொகுப்பும் வந்தது. குருமாருக்கு ஆண்டு விடுமுறை உரிமை என்றும், நோயிலும் முதுமையிலும் அவர்களைத் தாங்க ஏற்பாடு வேண்டும் என்றும் அது எழுதிவைத்தது. 1983 பற்றிய நம் கட்டுரைகள் எல்லாம் மன்றத்தோடு நின்றுவிடுகின்றன. நம் கோயில் சங்கங்களின் அமைப்பு விதிகளை இந்தச் சட்டத்துக்கு அருகில் வைத்து ஒருவராவது படித்துப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். கரையான் அரிக்குமுன் கோயில்களின் கூட்டக் குறிப்பேடுகளைப் படியெடுக்கவும் இம்மாநாடு ஒரு குழு அமைக்க வேண்டும்.

இன்றைய பிற்பகல் அமர்வுக்கு இரண்டு குருக்கள்மாரை அழைத்திருந்தோம். வருவதாகத்தான் சொன்னார்கள். இன்று வெள்ளிக்கிழமை, பூசைக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று காலையில் இருவருமே போன் செய்தார்கள்.