பாஸ் கிடைக்கவில்லை என்றால்...

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. அந்நாளில் காரைக்குடியிலிருந்து கப்பலேறியவர்கள் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்தார்கள். இன்று அங்கே வேலை பார்க்க மனிதவள அமைச்சின் பாஸ் வேண்டும்.

சிங்கப்பூரில் பல ஆண்டு ஆளெடுக்கும் பிரிவில் இருந்தவன் நான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் யாராவது ஒரு தம்பி வந்து நிற்பார். "அண்ணே, பாஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு. எனக்குத் தகுதியில்லேன்னு சொல்லிட்டாங்க" என்பார்.

அப்படி யாரும் சொல்லவில்லை, தம்பி!

பட்டதாரிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து 'காம்பஸ்' என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. 40 மதிப்பெண் வேண்டும். அடிப்படை அம்சங்கள் நான்கு. சம்பளமும் படிப்பும் உங்களைப் பற்றியவை. மற்ற இரண்டும் கம்பெனியைப் பற்றியவை: உங்கள் நாட்டவர் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர், உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பவை. அந்த நிலைப் பணிகளில் கால்வாசிக்கு மேல் இந்தியர் என்றால், ஓர் அம்சத்தில் உங்களுக்குப் பூஜ்யம்தான். அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? அதே படிப்புக்கு வேறு கம்பெனியில் பாஸ் கிடைக்கலாம்.

ஆகவே முதல் வேலை, மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குவது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் அவகாசம் உண்டு. அதைக் கம்பெனிதான் செய்ய வேண்டும். பட்டச் சான்று சரிபார்ப்பு, திருத்திய சம்பளம் என்று புதிதாக ஏதாவது இருந்தால்தான் பலன். பழைய காகிதத்தையே திரும்ப நீட்டினால் பழைய பதில்தான் வரும்.

இரண்டாவது, பணம். மறுப்பு வந்த வாரத்தில்தான் "வேற வழி இருக்கு, ரெண்டு லட்சம் ரெடி பண்ணுங்க" என்று ஒருவர் வருவார். அம்மாவின் நகை அடகுக்குப் போவது அப்போதுதான். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

மூன்றாவது, "டூரிஸ்ட் விசாவில போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அவர்களை மீட்டுவர அரசுகள் தலையிட வேண்டியிருந்தது.

தம்பிகளே, விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அடுத்த விண்ணப்பம் போடலாம். விற்ற நிலம் திரும்பி வராது. காரணம் தெரியும்வரை ஒரு ரூபாய்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் சிங்கப்பூரில் இருக்கும் நம் கல்லூரி அண்ணன்மார், அக்காமாரைக் கேளுங்கள். சங்கம் இருப்பது அதற்குத்தானே!