எந்தப் பல்கலைக்கழகம்?
(கியா பார்மில் கல்வி நிதி வழங்கும் நிகழ்வில் ஆற்றிய உரை)



நம் நிதியில் படித்த இவ்வூர் மாணவி ஒருவர், ஒப்டோமெட்ரியில் முனைவர் பட்டம் செய்ய விழைகிறார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ், கனடாவில் வாட்டர்லூ, கோலாலம்பூரில் நமது தேசியப் பல்கலைக்கழகம் எனப் பல வாசல்கள் உள்ளன. அமெரிக்காவின் 'ஓ.டி.' என்பது நோயாளரைப் பார்க்கும் தொழிற்பட்டம், ஆய்வுக்கு பிஎச்.டி.தான்.

நான் அன்று பெயரைப் பார்த்துச் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் வழிகாட்டிப் பேராசிரியர் வேறிடம் போய்விட்டார். அப்பா தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணமும் போயிற்று!

"வழிகாட்டியின் பழைய மாணவர்களுக்கு எழுதம்மா. எத்தனை ஆண்டில் முடித்தார்கள், உதவித்தொகை எதுவரை வந்தது என்று கேள்" என்றேன்.

தோட்டப் பிள்ளைகளின் கிட்டப்பார்வையே அவர் ஆராய விரும்புவது. பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸிலேயே வந்து பரிசோதிக்கலாம். பதில்கள் வரட்டும், பிறகு தொகையை முடிவு செய்வோம்.