பனியன் நீலமா ஒளிருது, மாணிக்கம் சிவப்பா ஒளிருது

பௌலிங் விளையாடுற இடத்துல ஊதா லைட் போட்டா, உங்க வெள்ளை டி-ஷர்ட் மட்டும் நீலமா ஜொலிக்கும். பாத்திருப்பீங்க. துணியை வெளுக்கும்போது சேர்க்கிற வொயிட்னர் செய்யற வேலை அது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கிட்டு, நீல ஒளியா திருப்பித் தருது. அந்த நீலம், பருத்தியில இருக்கிற லேசான மஞ்சளை மறைச்சிடுது.

திருப்பூர்ல இது காசு விஷயம். பாடி துணி ஒரு லாட், கழுத்து ரிப் இன்னொரு லாட்ல வெளுத்து வரும். வொயிட்னர் கூடக்குறைய இருந்தாலும், டியூப் லைட்டுக்கு அடியில ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியலாம். வெயிலுக்குக் கொண்டு வந்தா ரிப் மட்டும் மஞ்சளடிக்கும். தைச்சு, பேக் பண்ணதுக்கு அப்புறம் பையர் அதைப் பாத்தா? அதனாலதான் லைட் பாக்ஸ்ல யூவி லைட்டும் இருக்கு. கட்டிங் போறதுக்கு முன்னாடியே ரெண்டு துண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்.

இதே சங்கதி கல்லுலயும் நடக்குது. 1852ல ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதுக்கு ஃப்ளோரசன்ஸ்னு பேர் வெச்சதே, ஃப்ளோரைட்ங்கிற கனிமத்தை மனசுல வெச்சுதான். நம்ம காங்கேயம் பக்கத்துல சிவன்மலை இருக்கில்ல, அங்க குருந்தக்கல் இருக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட், அந்தப் பாறைகளைப் பத்தி 1901லயே எழுதியிருக்கார். 'கொரண்டம்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தையே நம்ம குருந்தத்துல இருந்து போனதுதான்.

குருந்தத்துல துளி குரோமியம் சேர்ந்து சிவந்தா, அதுதான் மாணிக்கம். யூவி டார்ச் அடிச்சா அந்தக் குரோமியம் சிவப்பா ஒளிரும். கூடவே இரும்பு நிறைய இருந்தா ஒளி மங்கிடும், சில கல்லுல சுத்தமா அணைஞ்சிடும்.

இங்கதான் உஷாரா இருக்கணும். "டார்ச் அடிச்சேன், சிவப்பா எரியுது, அசல் மாணிக்கம்"னு யாராவது சொன்னா, உடனே ஜிபே பண்ணிடாதீங்க. செயற்கை மாணிக்கம் செய்யற வழியை ஃபிரான்ஸ்ல வெர்னூய் 1902லயே அறிவிச்சுட்டார். அதுலயும் இருக்கிறது அதே குரோமியம்தான். இரும்பு அநேகமா இல்லாததால, அது இன்னும் பிரமாதமாவே ஒளிரும். பூமியில விளைஞ்ச கல்லு, இரும்பு அதிகமா இருந்தா, கம்முனு கிடக்கும்.

உள்ள என்ன கலந்திருக்குங்கிறதுக்கு டார்ச் ஒரு துப்பு தரும், அவ்வளவுதான். கல்லு பூமியில விளைஞ்சதா, உலையில செஞ்சதான்னு தெரியணும்னா ஜெம் லேப் சர்ட்டிஃபிகேட் கேளுங்க. அப்புறம், யூவி டார்ச்சை யார் கண்ணுலயும் அடிக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.