விக்டர் கிளெம்பெரர்: நூலகம் பறிபோன பேராசிரியர்

(இணையவழி நேரலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து வந்த களைப்போடும், சிலர் அதிகாலைத் தூக்கத்தை விட்டும் இணைந்திருக்கிறீர்கள். நன்றி.

இன்று நான் பேசப்போவது பிரெஞ்சு இலக்கியம் சொல்லிக்கொடுத்த ஒரு ஜெர்மானியப் பேராசிரியரைப் பற்றி. பெயர் விக்டர் கிளெம்பெரர். நாஜிக் காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்புகளால்தான் உலகம் இன்று அவரை அறிகிறது. அவருடைய பிரெஞ்சுப் படிப்பை, அவர் செய்துகொண்டிருந்த உத்தியோகம் என்ற அளவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் படிப்பு இல்லாமல் அந்த நாட்குறிப்புகள் இல்லை என்பது என் கட்சி. அதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

பிறந்தது 1881-இல், லான்ட்ஸ்பெர்க் என்ற ஊரில். இன்று அது போலந்தில் இருக்கிறது. தந்தை யூத மதகுரு. மூத்த அண்ணன் கேயோர்க் பெரிய மருத்துவர். லெனினுக்கு வைத்தியம் பார்க்க மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டவர். விக்டர் கடைசி மகன். வியாபாரம் பழகப் போய் விட்டுவிட்டார். கல்லூரிப் படிப்பையும் நடுவில் விட்டார். பெர்லினில் பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் தள்ளினார். 1906-இல் ஏவா என்ற பியானோ கலைஞரை மணந்தார். ஏவா யூதர் அல்லர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் உயிரோடு இருந்ததற்கே இதுதான் காரணம்.

முப்பது வயதுக்குப் பிறகு மறுபடி படிக்கப் போனார். ம்யூனிக்கில் கார்ல் ஃபோஸ்லரிடம் மான்டெஸ்கியூவைப் பற்றி ஆய்வு செய்து, 1914-இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி பெற்றார். உடனே உலகப்போர். தானாக முன்வந்து ராணுவத்தில் சேர்ந்து மேற்குப் போர்முனைக்குப் போனார். யாருடைய இலக்கியத்தைப் படித்தாரோ அவர்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள். அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. தான் ஜெர்மானியன் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. புராட்டஸ்டண்ட் மதத்துக்கும் மாறியிருந்தார்.

1920-இல் டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. பொறியாளர்களை உருவாக்கும் இடத்தில் பிரெஞ்சு இலக்கியம். பெரிய பல்கலைக்கழகங்கள் தன்னைக் கூப்பிடவில்லை என்ற மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. ஆனாலும் நிறைய எழுதினார். இன்று அவற்றைப் படித்தால் ஒரு சங்கடம் வரும். மாறாத பிரெஞ்சு இயல்பு என்று ஒன்று உண்டு, எல்லா நூற்றாண்டுப் புத்தகங்களிலும் அதைக் காட்டலாம் என்று நம்பியவர் அவர். அன்றைய ஜெர்மன் பேராசிரியர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு ஜனத்துக்கு மாறாத இயல்பு உண்டு என்று பேசியவர்களுக்குப் பக்கத்து வீட்டில்தான் ரத்தம், இனம் என்று பேசியவர்கள் குடியிருந்தார்கள்.

1933-இல் ஹிட்லர் வந்தார். முன்னாள் போர்வீரர் என்பதால் கிளெம்பெரருக்கு இரண்டு வருடம் விலக்குக் கிடைத்தது. வகுப்பில் மாணவர்கள் ஓரிருவராகக் குறைந்தார்கள். 1935-இல் பதவி போயிற்று. துறையில் சமகாலத்தவர்களான லியோ ஸ்பிட்சரும் எரிக் அவுவர்பாக்கும் இஸ்தான்புலுக்குப் போய்விட்டார்கள். அவுவர்பாக் அங்கே உட்கார்ந்து எழுதிய 'மிமெசிஸ்' இன்றும் இலக்கிய மாணவர்கள் படிக்கிற புத்தகம். கிளெம்பெரர் போகவில்லை. அண்ணன் கேயோர்க் வெளிநாட்டில் இருந்தும் போகவில்லை. ஏவா ஆசைப்பட்டு ஊருக்கு வெளியே கட்டிய சின்ன வீடு ஒரு காரணம். தனக்குப் பிரெஞ்சைப் படிக்கத்தான் தெரியும், பேசிப் பிழைக்க வராது என்ற பயம் இன்னொரு காரணம். பிறந்த நாட்டை விட்டு வந்த நம்மில் பலருக்கு இந்தப் பயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போகாமல் என்ன செய்தார்? பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இலக்கிய வரலாற்றை எழுதத் தொடங்கினார். வால்டேர், திதரோ, ரூசோ. பதிப்பாளர் கிடையாது, வாசகர் கிடையாது. 1936-இல் நூலகத்தின் வாசிப்பறைக்குள் வரக்கூடாது என்றார்கள்; புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தார். 1938 டிசம்பரில் அதையும் நிறுத்தினார்கள். இலக்கிய வரலாறு பாதியில் நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புத்தகம் பறிபோன இலக்கிய ஆய்வாளருக்கு என்ன மிச்சம்? சுற்றிலும் பேசுகிற பேச்சு. வானொலி, ரொட்டிக் கடை வரிசை, தொழிற்சாலை, இரங்கல் விளம்பரம், வீட்டைச் சோதனையிட வந்து அடிக்கிற கெஸ்டாபோக்காரன் வாயில் வருகிற வசை. வால்டேரைப் படித்த அதே கவனத்தோடு இவற்றைக் குறித்துவைத்தார். யார் எந்தச் சொல்லை முதலில் சொன்னார்கள், எப்போது பொருள் மாறியது, எதிர்ப்பவர்கள் வாயிலும் அது எப்போது ஒட்டிக்கொண்டது என்று.

ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறேன். 'ஃபனாட்டிஷ்', அதாவது வெறிகொண்ட. கோயிலைக் குறிக்கும் 'ஃபானும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாமி வந்து ஆடுபவனைக் குறித்தது. சங்கப் பாட்டில் முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டு உங்களுக்கு நினைவு வரலாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லைக் கடுமையான கண்டனமாக மாற்றினார்கள். 1762-இல் துலூஸ் நகரத்தில் ழான் காலாஸ் என்ற புராட்டஸ்டண்ட் வணிகரை, மகனைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டி, சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். வால்டேர் அந்த வழக்கைக் கையிலெடுத்துப் போராடினார். அவருக்கு 'வெறி' என்ற சொல்லின் பொருள் அந்த முறிந்த உடல். அதே சொல்லை ஹிட்லரின் ஆட்சி பாராட்டாக ஆக்கியது. வெறிகொண்ட விசுவாசம், வெறிகொண்ட உறுதிமொழி. சொல்லித் தேய்ந்து பலம் போனபின், 1944 கடைசியில், கோயபல்ஸ் 'காட்டுத்தனமான' என்று ஓர் அடைமொழியும் சேர்க்க வேண்டி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டைக் கரைத்துக் குடித்தவருக்குத்தான் இந்தத் திருப்பம் காதில் முள்ளாகக் குத்தும். மற்றவர்களுக்கு அது தினசரியில் வருகிற இன்னொரு சொல். நம் இளைஞர்கள் படம் பிடித்துவிட்டால் 'வெறித்தனம்' என்கிறார்கள். அதற்காக நான் யாரையும் பயமுறுத்தவில்லை. ஆனால் சொல் எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ரூசோவையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஹிட்லரின் மேடைப் பேச்சைக் கேட்கக் கேட்க, உணர்ச்சியை அறிவுக்கு மேலே வைத்த ரூசோவின் உண்மை முகம் இதுதான் என்று கசப்போடு எழுதினார். ரூசோவுக்கு இது அநியாயம். ஆனால் அது பாதுகாப்பான அறையில் உட்கார்ந்து எழுதிய விமர்சனமல்ல என்பதையும் பார்க்க வேண்டும்.

1940-இல் வீட்டை விட்டு 'யூதர் வீடு' ஒன்றில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மஞ்சள் நட்சத்திரம். பிறகு பனி அள்ளும் வேலை, தொழிற்சாலை வேலை. தட்டச்சுப் பொறி போயிற்று. யூதர்கள் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்றதும் பூனையையும் கொல்ல வேண்டி வந்தது. விவாகரத்து செய்யச் சொல்லி ஏவாவை எவ்வளவோ நெருக்கினார்கள், அவர் அசையவில்லை. எழுதிய தாள்களைக் கொண்டுபோய்ப் பிர்னா ஊரில் ஒரு மருத்துவத் தோழியிடம் சேர்த்தவரும் ஏவாதான். அகப்பட்டிருந்தால் இவர்களோடு, பெயர் எழுதப்பட்டிருந்த நண்பர்களும் செத்திருப்பார்கள். கிளெம்பெரருக்கு அது தெரியும். தெரிந்தே எழுதினார். அந்த உரிமை அவருக்கு இருந்ததா என்பதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

1945 பிப்ரவரி 13 பகலில், நகரத்தில் மிஞ்சியிருந்த யூதர்களுக்கு நாடுகடத்தல் உத்தரவைக் கொடுத்துவரும் வேலை அவருக்குத் தரப்பட்டது. வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். அன்று இரவு டிரெஸ்டன் எரிந்தது. அந்தக் குழப்பத்தில் ஏவா பேனாக்கத்தியால் அவர் மேல்சட்டையில் இருந்த நட்சத்திரத்தை அறுத்தெடுத்தார். இருவரும் அகதிக் கூட்டத்தில் கலந்து பவேரியாவரை போய்ச் சேர்ந்தார்கள்.

1947-இல் அந்தக் குறிப்புகளிலிருந்து 'எல்.டி.ஐ.' என்ற புத்தகம் வந்தது. மூன்றாம் பேரரசின் மொழி என்பதற்கான லத்தீன் சொற்களின் சுருக்கம். நாஜிகளின் சுருக்கெழுத்து மோகத்தைக் கேலி செய்யும் பெயர். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கிழக்கு ஜெர்மனியில் பேராசிரியர் பதவி, நாடாளுமன்ற உறுப்பினர் பதவி, மரியாதை எல்லாம் வந்தன. புதிய ஆட்சியின் மொழியும் பழையதைப் போலவே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு 'எல்.கியூ.ஐ.', நான்காம் பேரரசின் மொழி, என்று பெயரும் வைத்தார். இந்த முறை அதை நாட்குறிப்போடு நிறுத்திக்கொண்டார். இதற்காக அவரைக் கோழை என்பவர்கள் உண்டு. அறுபத்தைந்து வயதுக்கு மேல், பன்னிரண்டு வருட அவமானத்துக்குப் பிறகு, திரும்பக் கிடைத்த வகுப்பறையை இழக்க மனமில்லாத மனிதராகத்தான் எனக்குத் தெரிகிறார்.

பாதியில் நின்ற இலக்கிய வரலாற்றையும் அவர் விடவில்லை. வால்டேரின் நூற்றாண்டைப் பற்றிய முதல் தொகுதி 1954-இல் வந்தது. 1960-இல் அவர் இறந்தார். ரூசோவின் நூற்றாண்டைப் பற்றிய இரண்டாம் தொகுதி 1966-இல்தான் வெளிவந்தது. தன் பெயர் அந்த இரண்டு தொகுதிகளால் நிற்கும் என்று அவர் நம்பினார். 1995-இல் நாட்குறிப்புகள் வெளியாகி லட்சக்கணக்கானவர்கள் படித்தபோது அவர் இல்லை. ஆங்கிலத்திலும் அவை கிடைக்கின்றன. பக்கங்களைப் பார்த்து மலைப்பாக இருந்தால் 'எல்.டி.ஐ.'யில் தொடங்குங்கள், அதிலும் 'வெறி' பற்றிய அத்தியாயத்தில்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.